தங்கவயல் கற்பிக்கும் பொருட்பாடம்

கையில் ஒருங்கே வந்து சேரும் ஒரு தொகையைப் பல்லாண்டுக் காலம் காத்து வளர்ப்பது எவ்வாறு என்னும் வினா, பிற மாநிலங்களில் உழைத்து வாழும் தமிழர்க்குப் பெரிதும் உரியது. சொந்த ஊரில் நிலபுலம் இல்லாதார் பலருக்கு, பணி ஓய்வின்போது கிடைக்கும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமே வாழ்நாள் உழைப்பின் முழு விளைச்சல். அவ்வினாவிற்கு விடை தேட, கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலின் வரலாற்றை நாம் சற்று நோக்குவோம். அங்கே ஒரே பொன்னை நம்பி மூவர் வாழ்ந்தனர்: இலண்டன் பங்குதாரர், மைசூர் அரசு, தமிழ்த் தொழிலாளி. மூவர் கதையும் மூவகையாக முடிந்தது.

முதலில் பங்குதாரர் கதையைக் காண்போம். 1802ஆம் ஆண்டில் நில அளவைக்கு வந்த வாரன் என்னும் படை அலுவலர், ஊரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். 1873இல் லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் சுரங்க உரிமை வேண்டி மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். உரிமை கிடைத்தது, முதல் இல்லை. ஆகவே அவர் அவ்வுரிமையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு அடியெடுத்து வைத்தனர். தொடக்க ஆண்டுகளில் பணம் கரைந்ததேயன்றிப் பொன் தோன்றவில்லை. மைசூர்க் கம்பெனியின் முதல் ஏறக்குறையத் தீர்ந்துபோன நிலையில், எஞ்சியதையும் இட்டுத் தோண்டினர். முன்னோர் அகழ்ந்து கைவிட்ட பழங்குழிகளுக்கு அடியில் வளமான பொன் இழை வெளிப்பட்டது. ஊரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களும் செழித்தன. பங்குதாரர் பல்லாண்டு ஆதாயம் பெற்றனர்.

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று இதனைக் கொண்டு நாம் முடிவுகட்டிவிடலாகாது. அதே காலத்தில் வயநாட்டிலும் பொன் கிடைக்குமென்று நம்பி, இலண்டனில் பல கம்பெனிகள் தோன்றின. அங்கும் முதலிட்டனர், காத்திருந்தனர், ஆயின் இட்ட முதலும் மீளவில்லை. ஆகவே பொறுமை ஒன்றே பொருளைக் காவாது. எதில் இட்டோம், எவ்வளவு இட்டோம் என்பனவும் அதற்கு ஈடான கேள்விகளாகும்.

இரண்டாவது, மைசூர் அரசு. சுரங்கங்களிலிருந்து அரசுக்கு உரிமைப் பங்கு வந்துகொண்டிருந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியினின்று மின்னாற்றல் எடுக்க அரசு பெருந்தொகை இட்டது. மின்சாரத்தை வாங்கச் சுரங்கக் கம்பெனிகள் முன்னதாகவே ஒப்பந்தம் செய்திருந்தன. 1902 ஜூன் திங்களில், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. 1905இல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. சுரங்கத்துக்கென எழுந்த மின்நிலையம் நாளடைவில் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் பயன்பட்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. 2002இல் மின்நிலையம் நூற்றாண்டு கண்டது. வாங்குவோர் பலரானமையின், ஒருவர் மறைந்தும் அம்முதலீடு அழியவில்லை.

மூன்றாவது, தொழிலாளி. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்று, 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெப்பத்திலும் தூசியிலும் பொன் வெட்டியவர் அவரே. அவர் இட்ட முதல் அவருடைய உடல். கூலி சுரங்கத்தினது, குடியிருந்த வீடும் சுரங்கத்தினது, மருத்துவமனையும் சுரங்கத்தினது. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. ஆயினும் ஆழம் கூடக் கூடச் செலவு பெருகியது. மண்ணில் பொன்னின் அளவோ குறைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் வேலை நின்றபோது, ஊதியத்தோடு வீட்டின் உறுதியும் மருத்துவமும் ஒருங்கே ஆட்டங்கண்டன. இன்றும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

இம்மூவர் கதையினின்றும் நாம் கொள்ளத்தக்கது இதுவே: வாழ்வு முழுவதையும் ஒரே இழையில் தொங்கவிடலாகாது. ஊதியம் தரும் நிறுவனத்திலேயே சேமிப்பையும் இடுவது, சுரங்கத்தின்மேலேயே வீட்டையும் கட்டுவதை ஒக்கும். மிகுந்த வட்டி என்னும் சொல்லுக்கும் மயங்கலாகாது. 1906இல் சென்னையில் பெரும்புகழ் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. இன்று வங்கி வைப்புக்குக் காப்புறுதி உண்டு. 2020 முதல் அதன் வரம்பு வங்கி ஒன்றில் ஒருவர்க்கு 5 இலட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்டதை வெவ்வேறு வங்கிகளில் பிரித்து வைப்பது அறிவுடைமை.

தொகை கைக்கு வந்ததும் முதற்கண் கடனைத் தீர்ப்போம். ஓராண்டுச் செலவுக்கு வேண்டியதை எளிதில் எடுக்கத்தக்க வகையில் வைப்போம். எஞ்சியதைக் காலம் வளர்க்கட்டும். 7 விழுக்காடு வட்டி என்று கொண்டால், ஓர் இலட்சம் ரூபாய் கூட்டுவட்டியில் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 7 இலட்சத்து 61 ஆயிரமாகும். ஆண்டுதோறும் வட்டியை எடுத்துச் செலவிட்டால், முதலும் வட்டியும் சேர்ந்து 3 இலட்சத்து 10 ஆயிரமே. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுமாயின், இன்று ஓர் இலட்சத்தில் வாங்குவதை அன்று வாங்க 4 இலட்சத்து 32 ஆயிரம் வேண்டும். வட்டியும் நிலையானதன்று: பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 12 விழுக்காடாயிருந்த வட்டி, 2020இல் 7.1 ஆயிற்று. ஆகவே பத்தாண்டுக்கு மேல் தொடவேண்டாத பணத்தில் ஒரு பகுதியைப் பல தொழில்களின் பங்குகளில் பரவலாக இடுவதும் உண்டு; அதன் ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தக்க அளவே இடுதல் வேண்டும்.

தங்கவயலில் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுத்தனர். அதை வெட்டியவர் வீட்டில் தங்கியது சிறிதே. நம் உழைப்பின் பொன் நம் மக்களுக்கும் எஞ்சவேண்டுமாயின், அதனைப் பிரித்து வைப்போம், இடையில் தோண்டாதிருப்போம், ஆண்டுக்கொருமுறை கணக்கைப் பார்த்து, குடும்பத்தார் அனைவரும் அறிய எழுதிவைப்போம்.