கதிர் அயோடின் ஈயாமை: ஒரு சூத்திரமும் விளக்கவுரையும்

சுரப்பி முழுதுங் களைந்தபின் கழுத்தில்
நோய்க்குறி இல்லாச் சிற்றிடர்ப் புற்றினர்
எழுநூற் றெழுபத் தறுவரைத் திருவுளச்
சீட்டின் இருபாற் படுத்தொரு பாற்கே
அயோடின் ஈந்து மூவாண் டளவின்
நிகழ்வில் லாமை நிறுத்து நோக்க
ஈயாப் பாலும் ஐந்தின் எல்லையுள்
தாழா தென்ப தேர்ந்த
ஆய்வுநெறி வழாஅ அறிவி னோரே.

என்பது சூத்திரம். இஃது என்னுதலிற்றோ எனின், தைராய்டுப் புற்றுற்றாருள் ஒரு சாரார்க்கு அறுவைக்குப் பின் கதிரியக்க அயோடின் கொடாது விடலாம் என்பதற்குக் கிடைத்த சான்று இத்துணைத்து என உணர்த்துதல் நுதலிற்று. பிரான்சு நாட்டு மருத்துவமனைகள் பல ஒருங்கு கூடி, 2013 முதல் 2017 வரை நோயாளரைச் சேர்த்து நடத்தி, 2022இல் முடிபு வெளியிட்ட எஸ்டிமாபிள்-2 என்னும் ஆய்வின் பொருளே, கற்போர் நினைவிற் கொள்ளற்பொருட்டு, ஈண்டு ஒன்பது அடியுள் அடக்கப்பட்டது.

சுரப்பி முழுதுங் களைந்தபின் என்பது: சுரப்பி எனப் பொதுப்படக் கூறினும், பின்னர் அயோடின் என வருதலின், குரல்வளையின் முன்னே மூச்சுக்குழலைத் தழுவிக் கிடக்கும் தைராய்டு என்றே கொள்க. முழுதும் என்புழி உம்மை முற்று. ஒரு மடலை மட்டும் எடுத்தாரை இச்சூத்திரம் தழுவாது. என்னை? எஞ்சிய மடல் அயோடினைத் தானே கவர்ந்துகொள்ளும். பின்னர் அளக்கப்படும் தைரோகுளோபுலினையும் தானே சுரக்கும். ஆண்டு மருந்தும் அளவையும் ஒருங்கே பயனிழக்கும்.

அற்றேல், முழுதும் களைந்தார்க்கு அயோடின் எதற்கு எனின், கூறுதும். சுரப்பியின் புறத்தே குரல் நரம்பு ஓடும்; கால்சியத்தை ஆளும் பாராதைராய்டு என்னும் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக் கிடக்கும். இவற்றிற்கு ஊறு நேராவண்ணம் கத்தியைச் செலுத்துங்கால், கைதேர்ந்தார்க்கும் இழையளவு திசு எஞ்சும். அவ்வெச்சத்தை எரித்தற்கும், கண்ணுக்கெட்டாத புற்றணு உளதேல் அதனை அழித்தற்குமே அயோடின் ஈதல் வழக்காயிற்று.

கழுத்தில் நோய்க்குறி இல்லா என்பது: அறுவைக்குப் பின் அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் கழுத்து தூயதாகக் காணப்பட்ட என்றவாறு. இல்லா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; புற்றினர் என்னும் பெயர் கொண்டு முடிந்தது.

சிற்றிடர்ப் புற்றினர் என்பது: சூத்திரத்தின் உயிர்நிலை இச்சொல் என்க. இதனை விடுத்து ஏனைய சொற்களை மட்டும் ஓதுவார் பிறர்க்குத் தீங்கு செய்வார். சிற்றிடர் என்றது நோய் மீள்வதற்குரிய இடர் சிறிதாதலை. அஃது எவ்வாறு அறியப்படும்? கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாமையும், கழுத்து நெறிக்கழலைகளில் புற்று அறியப்படாமையும் கொண்டு அறியப்படும். ஒரு செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகள் பலவாயின், அவற்றைக் கூட்டிய அளவும் இரண்டைக் கடவாமை வேண்டும்.

புற்று எனப் பொதுவிற் கூறினமையின் தைராய்டில் தோன்றும் எல்லாப் புற்றும் அடங்குமோ எனின், அடங்கா. பாப்பில்லரி, ஃபாலிகுலர் எனத் தாய்த்திசுவின் இயல்பு மாறாது நின்று அயோடினைக் கவரும் இனங்களே கொள்ளப்படும். மெடுல்லரி புற்று சுரப்பியின் வேறுவகை அணுவிற் பிறத்தலானும், அனாபிளாஸ்டிக் புற்று தன் இயல்பு முற்றும் திரிந்தமையானும், அயோடினைக் கவரா. ஒரு செ.மீ.க்குக் குறைந்த தனிக்கட்டியினர்க்கோ, இவ்வாய்வின் முன்னரே அயோடின் வேண்டா என்பது பெரும்பாலார் துணிபு. துணிந்ததைச் சோதித்தல் வீண் ஆதலின் அவரும் சேர்க்கப்பட்டிலர். எனவே ஐயம் உள்ள நிலம் எதுவோ அதனையே உழுதனர் என்பது பெற்றாம்.

எழுநூற்றெழுபத்தறுவரை என்பது: 776 பேரை என்றவாறு. தொகை கூறியது என்னை எனின், சிறு வேறுபாட்டைக் காண்டற்குப் பெருந்தொகை வேண்டும் என்பது தோன்ற என்க. மூவாண்டின் முடிவில் நெறிப்படி நின்று கணக்கிற் கொள்ளப்பட்டார் 730 பேர்.

திருவுளச்சீட்டின் இருபாற்படுத்து என்பது: இவர்க்கு ஈக, இவர்க்கு ஈயற்க என மருத்துவர் தெரிந்தெடாது, சீட்டு விழுந்தவழியே பகுத்து என்றவாறு. மருத்துவர் தெரிந்தெடுப்பின் அஞ்சத்தக்க நோயாளர் அயோடின் பாற் சேர்வர். பின் இருபாலையும் ஒப்புநோக்கல் அவமாம்.

ஒரு பாற்கே அயோடின் ஈந்து என்பது: ஏகாரம் பிரிநிலை. அயோடின் என்றது உப்பிற் கலந்து உண்ணும் அயோடின் அன்று. 131 என்னும் நிறையெண் உடைய கதிரியக்க அயோடின். எட்டு நாட்களில் இதன் வீரியம் பாதியாம். தைராய்டணு இது நஞ்சென்று அறியாது, ஹார்மோன் ஆக்குதற்கு வந்த அயோடின் என்றே கருதி உள்வாங்கும். வாங்கியபின் இதன் பீட்டாக் கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே பாய்ந்து அவ்வணுவைக் கொல்லும். 1941இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர் கதிரியக்க அயோடினை முதற்கண் ஈந்தது புற்றுக்கு அன்று, சுரப்பி மிகையாய்ச் சுரக்கும் நோய்க்கு.

ஈந்த அளவு 1.1 கிகாபெக்கெரல். 2012இல் பிரான்சிலும் பிரிட்டனிலும் தனித்தனியே நடந்த ஈராய்வுகள், எச்சத்தை எரித்தற்கு 3.7 வேண்டா, 1.1 சாலும் எனக் காட்டின. குறைத்தல் போதும் எனக் கண்டபின், அறவே விடுதல் போதுமோ என வினவுதல் முறையே. அயோடினை அணு நன்கு கவரும்பொருட்டு டி.எஸ்.எச். என்னும் ஏவல் ஹார்மோன் உயர்தல் வேண்டும். பண்டு, தைராக்சின் மாத்திரையை வாரக்கணக்கில் நிறுத்தி அதனை உயர்த்துவர். நோயாளர் முகம் அதைத்து, குளிர் தாங்காது, சோர்ந்து கிடப்பர். இவ்வாய்வில் செயற்கையாக ஆக்கிய டி.எஸ்.எச். ஊசி இட்டனராதலின் அத்துயர் இன்று.

மூவாண்டளவின் என்பது: இது வரம்பு கூறியவாறு. தைராய்டுப் புற்று மெல்ல நடப்பது. பத்தாண்டு கழிந்து மீள்வதும் உண்டு. ஆதலின் மூவாண்டு என்பதனை என்றும் எனக் கொள்ளற்க. ஆயின் மீள்வனவற்றுட் பெரும்பகுதி முதற் சில ஆண்டுகளிலேயே வெளிப்படும் ஆகலின் இவ்வளவை பயனற்றது எனவும் கொள்ளற்க.

நிகழ்வில்லாமை நிறுத்து நோக்க என்பது: நிகழ்வு ஈண்டு இறப்பு அன்று. இவ்வினத்தார் இந்நோயால் இறத்தல் மிக அரிது. இறப்பை எண்ணப் புகின் ஆய்வு முடிவதற்குள் ஆய்வாளர் முதுமை எய்துவர். அதனால் மூன்றனைத் தொகுத்து நிகழ்வு என்றனர்: மேலும் சிகிச்சை வேண்டுமாறு உடல் ஸ்கேனில் அயோடின் படிதல், கழுத்து அல்ட்ராசவுண்டில் பிறழ்வு காணல், குருதியில் தைரோகுளோபுலினோ அதன் எதிர்ப்பொருளோ உயர்தல். தைரோகுளோபுலினைத் தைராய்டணு ஒன்றே ஆக்கும். எனவே சுரப்பி நீங்கியபின் அது மிகுமாயின் எங்கோ அவ்வணு உளது என்பது குறிப்பு. எதிர்ப்பொருள் இருப்பின் அவ்வளவை பொய்க்கும்; அதனாலேயே அதனையும் உடன் எண்ணினர்.

ஈண்டு ஒரு நுட்பம். அயோடின் பெறாதார்க்குத் தைரோகுளோபுலின் வரம்பு சற்று உயர்த்தியே வைக்கப்பட்டது. ஓரஞ்சார்தல் அன்றோ எனின், அன்று. எரிக்கப்படாத நல்ல எச்சம் அவரிடத்து உண்டு. அது சிறிது சுரத்தல் இயல்பு. ஒரே கோலால் இருவரையும் அளப்பின் நலமுற்றாரையும் நோயர் எனப் பிழைபடக் கூற நேரும்.

ஈயாப் பாலும் ஐந்தின் எல்லையுள் தாழாது என்பது: உம்மை சிறப்பு. ஐந்து எண்ணலளவை ஆகுபெயராய், நூற்றுக்கு ஐந்து என்னும் வேறுபாட்டை உணர்த்திற்று. ஒக்கும் என்னாது தாழாது என எதிர்மறையாற் கூறியது என்னை? ஒத்தலை எவ்வாய்வும் நிறுவ இயலாது. இத்துணைக்கு மேல் தாழவில்லை என நிறுவவே இயலும். அவ்வித்துணை எத்துணை என்பதனை ஆய்வு தொடங்குமுன்னரே குறித்தல் நெறி. முடிபு கண்டபின் எல்லை வகுத்தல் அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைதலை ஒக்கும்.

கண்ட முடிபு வருமாறு. நிகழ்வின்றி இருந்தார், ஈயாப் பாலில் நூற்றுக்கு 95.6, ஈந்த பாலில் 95.9. வேறுபாடு 0.3 மாத்திரமே. இதுகொண்டு அமையாது, நம்பகத்தின் எல்லையும் நோக்குக. உண்மை வேறுபாடு, ஈயாப் பால் 2.7 தாழ்ந்து நிற்பது முதல் 2.2 உயர்ந்து நிற்பது வரை எங்கும் இருக்கலாம் எனக் கணிதம் காட்டிற்று. மிகத் தாழ்ந்ததாகக் கொள்ளினும் 2.7 ஐந்தினுட்படும். ஆகவே தாழாது என்பது போந்தது. 0.3ஐ மட்டும் எடுத்தோதி 2.7ஐ விடுவார் சூத்திரத்திற் பாதியே கற்றார்.

தாழாது என்பதனைத் தேவையில்லை எனப் பொருள் கொண்டு எல்லார்க்கும் உரைப்பார் இக்காலத்து உளர். அது சிற்றிடர் என்னும் அடையை மறந்ததனால் வந்த குற்றம். இனி, அயோடின் விடுதலால் வரும் ஊதியம் சிறிதன்று: சில நாள் பிறரை விட்டு ஒதுங்கி இருத்தல், கைக்குழந்தையை அணையாதிருத்தல், கருவுறுதலைப் பல மாதம் தள்ளிவைத்தல் என்பன ஒழியும். இந்நோய் ஆடவரினும் மகளிர்க்கே பன்மடங்கு மிகுதி. அவருட் பலர் இளையர் ஆதலின் இவ்வூதியத்தை எண்ணியே தாழாமை ஒன்றே சாலும் என ஆய்வாளர் கொண்டனர்.

என்ப என்பது பலர்பால் வினைமுற்று. பன்மை கூறியதனால் ஒருவர் கூற்றன்று என்பது பெறப்படும். பிரிட்டனில் 504 பேரைக் கொண்டு நடந்து 2025இல் வெளிவந்த அயான் என்னும் ஆய்வும் ஐந்தாண்டு நோக்கி இதனோடு உடன்பட்டது.

தேர்ந்த ஆய்வுநெறி வழாஅ என்பது: நெறி வழுவினாரையும் கூட்டி எண்ணின் இருபாலும் ஒன்றோடொன்று கலந்து, தாழ்ந்ததும் தாழாததுபோல் தோன்றும். அதனால் நெறிப்படி நின்ற 730 பேரையே முதன்மையாக எண்ணினர் என்றவாறு. வழாஅ என அளபெடுத்தது ஓசை நிறைத்தற்கு. ஈற்று ஏகாரம் அசைநிலை.