திருகோணமலைத் துறைமுகமும் தபால் மூல வாக்கும்

இலங்கையிற் சர்வசன வாக்குரிமையுடன் முதற் பொதுத்தேர்தல் 1931ஆம் ஆண்டிலே நடைபெற்றது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்; நிறத்துக்கு ஒரு பெட்டி. எழுத்தறியாதாரும் நிறங்கண்டு சீட்டை இட்டனர். சின்னம் பொறித்த சீட்டும் பொதுப்பெட்டியும் பின்வந்தவை. பாரத நாடு 1982இல் கேரளத்துப் பறவூரிலே வாக்குப்பொறியைப் பரீட்சித்து, 2004இல் மக்களவைத் தேர்தலை அதனைக்கொண்டே நடத்திற்று. இலங்கையோ கடதாசியையும் புள்ளடியையும் கைவிடவில்லை.

கடதாசிக்கு ஒரு வசதியுண்டு. வாக்காளர் இருக்குமிடத்துக்கு அது செல்லும். பொறி வழங்கும் பாரதத்திலும் தொலைவிலுள்ள படைவீரருக்குச் சீட்டே துணை.

திருகோணமலையில் இது சிறு விடயமன்று. 1957இல் ஆங்கிலேயர் கையளித்துச் சென்ற கடற்படைத் தளத்திலே பிறமாவட்ட வாக்காளர் பலர் பணிபுரிகின்றனர். தேர்தலுக்குச் சில நாள் முன்னரே, பணியிடத்தில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில், பிறர் காணாவண்ணம் அடையாளமிட்டு உறையை ஒட்டிக் கொடுப்பர். உறை அவரவர் மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலரைச் சென்றடையும். மாவட்டப் பெறுபேற்றிலே திருகோணமலை, மூதூர், சேருவில என்னும் மூன்று தொகுதிகளோடு தபால் வாக்குத் தனிவரியாய் நிற்கும். பெரும்பாலும் முதலில் வெளிவருவதும் அதுவே.

ஆயின் இவ்வுரிமை முதன்மையாக அரசபணியாளருக்கே உரியது. துறைமுகத்தைக் காக்கும் கடற்படை வீரர் பெறுவர். அதே கடலில் பலநாட் கலமேறி வாரக்கணக்கில் ஆழ்கடலில் உழலும் மீனவர் பெறார். வளைகுடா நாட்டில் உழைக்கும் மூதூர்ப் பெண்ணும் பெறாள். உத்தியோக நிமித்தம் வர இயலாமை ஒன்றையே சட்டம் கருதிற்றுப் போலும்! 2024 சனாதிபதித் தேர்தலிலே தபால் வாக்குக்குத் தகுதிபெற்றோர் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கடலில் நின்ற மீனவர் அத்தொகையிற் சேர்ந்திலர்.