பெயரைக் காத்த ஏடுகள்

அமெரிக்க நாட்டில் 1850ஆம் ஆண்டிலும் 1860ஆம் ஆண்டிலும் எடுக்கப்பெற்ற குடிக்கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை ஒன்று இருந்தது. எசமானரின் பெயர் அதில் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா என்னும் குறிப்பு, தோலின் நிறம் ஆகியன வரிசையாக வரும். அடிமையின் பெயரை மட்டும் பெரும்பாலும் காண இயலாது. 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேதான் அம்மக்கள் பெயரோடு பதிவாயினர். ஆகவே தம் மூதாதையரைத் தேடிப் புறப்படும் கறுப்பினக் குடும்பத்தாருக்கு அந்த ஆண்டிற்கு அப்பால் வழி அடைபட்டுப் போகிறது. பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லப் பழகிய நமக்கு இந்தக் குறையின் ஆழம் எளிதில் விளங்காது.

அரசாங்க ஏடு எழுதாது விட்ட பெயர்களை வேறு ஏடுகளில்தான் தேட வேண்டியதாயிற்று. குடும்ப பைபிளின் வெற்றுப் பக்கங்களில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகள், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தருமாறு எசமானர் வெளியிட்ட விளம்பரங்கள், தப்பி வந்தோர் வாய்மொழியாகச் சொன்ன வரலாறுகள் ஆகியவற்றில் அப்பெயர்கள் சிதறிக் கிடந்தன.

பிலடெல்பியா நகரில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் வில்லியம் ஸ்டில் என்னும் கறுப்பினத்தவர் எழுத்தராகப் பணியாற்றினார். 1850ஆம் ஆண்டில் ஒருநாள், தெற்கேயிருந்து விடுதலை பெற்று வந்த பீட்டர் என்பவர் தம் பெற்றோரைத் தேடி அங்கே வந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாய் தந்தையரின் பெயர்கள் மட்டுமே அவருடைய நினைவில் இருந்தன. அப்பெயர்களைக் கேட்ட ஸ்டில் திகைத்துப் போனார். அவை அவருடைய பெற்றோரின் பெயர்கள்! எதிரே அமர்ந்திருந்தவர் அவர் பிறக்குமுன்பே பிரிந்துபோன உடன்பிறந்த தமையன். அன்று முதல், தம்மிடம் அடைக்கலம் தேடி வந்தோரின் பெயர், ஊர், உறவு யாவற்றையும் விரிவாகக் குறித்து வைப்பதை ஸ்டில் தம் கடமையாகக் கொண்டார். பகைவர் கையில் சிக்கினால் பலர் உயிருக்கே கேடாகக்கூடிய அக்குறிப்புகளை மறைத்துக் காத்து, 1872இல் பெருநூலாக வெளியிட்டார்.

அந்த நூலின் பயன் எழுபது எண்பது ஆண்டுகள் கழித்தும் விளைந்தது. பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் 1933இல் பிறந்த சார்லஸ் பிளாக்சன், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, தம் இனத்தவரின் வரலாறு பற்றி ஆசிரியையிடம் கேட்டார். கறுப்பர்களுக்கு வரலாறே கிடையாது, அவர்கள் வெள்ளையருக்கு ஊழியம் செய்யப் பிறந்தவர்கள் என்பதே கிடைத்த விடை. ஆசிரியப் பணியில் இருப்போர் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்பது நல்லது. சிறுவனோ அழுதுகொண்டிருக்கவில்லை, பழைய புத்தகங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கிவிட்டான். முப்பாட்டனார் ஜேம்ஸ் பிளாக்சன் டெலவேர் மாநிலத்தில் அடிமையாக இருந்து கனடாவிற்குத் தப்பியவர் என்று பாட்டனார் சொல்லக் கேட்டிருந்தார். பின்னர் ஸ்டில்லின் நூலைப் புரட்டியபோது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜேக்கப் பிளாக்சன் தப்பிய வரலாறு அச்சில் இருப்பதைக் கண்டார். வீட்டில் வாய்மொழியாக வழங்கிவந்த கதைக்கு ஏட்டின் சாட்சியும் கிடைத்துவிட்டது! 1977இல் கறுப்பினக் குடும்பத்தார் தம் வமிசாவளியைத் தேடும் வழிகளைக் கற்பிக்கும் நூலொன்றை அவர் இயற்றியதில் வியப்பில்லை.

அவர் 1984ஆம் ஆண்டில், இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் கொண்ட தம் தொகுப்பைப் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்திற்கு நன்கொடையாக அளித்தார். ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிய நூல்கள் அவர் மறைந்தபின் வாரிசுகளிடையே பிரிந்து, பழைய புத்தகக் கடைக்கும் எடைக்கடைக்கும் போய்ச் சேர்வதை நாம் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! பிளாக்சன் உயிரோடிருக்கும்போதே கொடுத்தார். அதனினும் சிறப்பு, 2006 வரை அத்தொகுப்பின் காப்பாளராகத் தாமே அங்கு அமர்ந்தார். எந்த நூலில் எந்தக் குடும்பத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்தவர் உடனில்லாவிடில், கொடுத்த நூல் பாதி ஊமையே என்பது என் கருத்து.

இந்தப் பணி அவரோடு தொடங்கியதன்று. ஜெஸ்ஸி மூர்லேண்ட் என்னும் பாதிரியார் 1914இல் தம் நூல்களை வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 1930இல் அங்குப் பொறுப்பேற்ற டாரதி போர்ட்டர் என்னும் அம்மையார் விந்தையொன்றைக் கண்டார். நாடெங்கும் வழங்கிய நூற்பகுப்பு முறைப்படி, கறுப்பினத்தவர் எழுதியவை எதுவாயினும், கவிதையாயினும் சரி, 'அடிமைமுறை' அல்லது 'குடியேற்றம்' என்னும் இரண்டே எண்களின் கீழ் அடுக்கப்பட்டு வந்தன. போர்ட்டர் அதை ஏற்க மறுத்தார்; கவிதையைக் கவிதையோடும் வரலாற்றை வரலாற்றோடும் வைத்தார். நூலைக் கொடுப்பது ஒன்று, அதற்கு உரிய இடத்தை அளிப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்தோரை உலகம் அவ்வளவாகப் போற்றுவதில்லை.

அரபு கற்றோர் அறிய வேண்டிய ஏடு ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பூத்தா தோரோ பகுதியில் பிறந்து, 1807இல் அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட உமர் இப்னு சயீத், வட கரோலினாவில் இருந்தபடி 1831இல் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதினார். அல்முல்க் அத்தியாயத்தின் வசனங்களோடு தொடங்கும் அச்சிறு ஏட்டில் தம் பிறந்த மண்ணையும், தமக்குக் கல்வி புகட்டிய ஷைகுமார்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். எல்லாவற்றையும் இழந்தும் உஸ்தாதுகளின் பெயர்களை அவர் இழக்கவில்லை. தனியார் பலரின் கைமாறி, இடையில் காணாமற்போய், மீண்டும் வெளிப்பட்ட அவ்வேட்டை 2017இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைகொடுத்து வாங்கியது. இன்று அதன் பக்கங்களை எவரும் கணினியில் காணலாம்.

பிளாக்சன் 2023இல் காலமானார். அதற்கு முன்பு, 2010இல், அவர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு மற்றொரு கொடையும் அளித்திருந்தார். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு வந்து, பின்னும் பன்முறை திரும்பிச் சென்று தம் உறவினரை மீட்டு வந்த ஹாரியட் டப்மனின் உடைமைகள் அவை. அவ்வம்மையாரின் குடும்பத்து மூதாட்டி ஒருவர் பிளாக்சனுக்கு விட்டுச் சென்றவை. அவற்றுள் ஒரு துதிப்பாடல் புத்தகமும் உண்டு. டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அப்புத்தகத்தின் உள்ளே அவருடைய பெயர் கையால் எழுதப்பட்டிருக்கிறது.