மெய்ப்பாடமும் மெய்ம்மதிப்பெண்ணும்

தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். தம் வாழ்வின் பிற்பகுதியை அதனை அடுத்த குற்றாலத்தில் கழித்து, 1954-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். கம்பராமாயணத்துள் கம்பர் வாக்கு இது, பிறர் வாக்கு இது என அவர் பிரித்துக் காட்ட முற்பட்டமை தமிழறிஞர் நன்கறிந்த செய்தியாகும். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களோடு வழங்கும் அப்பெருநூலுள் ஒரு பகுதியையே அவர் கம்பருடையதாக ஏற்றார். ஏனையவற்றை இடைச்செருகல் என விலக்கினார். ஏற்ற பாடல்களிலும் சிலவற்றின் சொற்களைத் திருத்தியமைத்தார். ஏட்டுச் சான்றின்றிப் பாடத்தை மாற்றுதல் தகாது என்னும் மறுப்பும் புலவரிடையே எழுந்தது.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் புகவில்லை. அவ்வழக்கின் அடியில் கிடக்கும் வினா ஒன்றையே ஈண்டு ஆராய விழைகின்றோம். நேரே காணவியலாத உண்மையொன்றை, பிழை கலந்த சான்றுகளினின்று எங்ஙனம் அறிவது? ஒருவர் மதிப்பீட்டை எவ்வளவு நம்புவது? இதே வினாவைத் தேர்வுத் தாள்களை முன்வைத்துக் கல்வியளவியலார் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். கம்பர் பாடலைக் கற்பிக்கும் நாமே கம்பரைப் பற்றி மாணவர் எழுதும் விடைகளுக்கு மதிப்பெண்ணும் இடுகின்றோமாதலின், அவர்தம் ஆராய்ச்சி வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

தேர்வில் தற்செயலின் பங்கு

ஒரே பொருளைப் பலமுறை அளந்தால் அளவுகள் சிறிது வேறுபடும் என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் வானநூலார். விண்மீனின் இடம் ஒன்றே. காண்போர் குறிக்கும் அளவுகளோ பல. அவற்றின் சராசரி உண்மைக்கு அணித்தாகும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்ற கொள்கை. இக்கொள்கையைத் தேர்வுக்கூடத்துக்குக் கொணர்ந்தவர் பொருளியலறிஞர் எட்ஜ்வொர்த். தேர்வுகளின் புள்ளியியல் பற்றி அவர் 1888-இலும் 1890-இலும் கட்டுரைகள் வரைந்தார். இலத்தீன் உரைநடைத் தாள் ஒன்றைத் தகுதி வாய்ந்த இருபத்தெண்மர் மதிப்பிட, அவர்கள் இட்ட எண்கள் 45 முதல் 100 வரை பரந்து நின்றன. இந்தியக் குடிமைப்பணித் தேர்வு போன்ற போட்டித் தேர்வுகளில் வெற்றிக் கோட்டின் அருகே நிற்போரின் வாழ்வைத் தற்செயல் எவ்வளவு தீர்மானிக்கின்றது என்பதையும் அவர் ஆராய்ந்தார்.

இதனினும் வியப்பிற்குரியது 1935-இல் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு. ஹார்ட்டாக் டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கியவர்; இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்து 1929-இல் அறிக்கையளித்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர். அவர்கள் முன்னரே ஒரே நடுத்தர மதிப்பெண் பெற்றிருந்த வரலாற்று விடைத்தாள்கள் பதினைந்தைத் தேர்வாளர்க்கு அளித்தனர். ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அதே தாள்களை அதே தேர்வாளரிடம் மீண்டும் அளித்தனர். பதினான்கு தேர்வாளர் வழங்கிய 210 முடிவுகளுள் 92 முடிவுகள் இரண்டாம் முறை மாறின. முன்னர்த் தேறியவன் பின்னர்த் தவறினான், தவறியவன் தேறினான். தாள் மாறவில்லை, தேர்வாளரும் மாறவில்லை.

மெய்ம்மதிப்பெண் என்னும் கருத்து

இத்தகைய வேறுபாட்டைக் கணக்கில் அடக்கும் வழியை வகுத்தவர் உளவியலறிஞர் ஸ்பியர்மன். இரண்டு அளவைகளுக்கிடையே உள்ள தொடர்பு, அவ்வளவைகளில் கலந்த பிழையால் உள்ளதினும் குறைந்து தோன்றும் என்பதை 1904-இல் அவர் காட்டினார். அவர் கொள்கையின் சாரம் எளிது. மாணவன் பெறும் மதிப்பெண் இரண்டு கூறுகளால் ஆயது: ஒன்று மெய்ம்மதிப்பெண், மற்றொன்று பிழை. பிழை ஒருகால் கூட்டும், ஒருகால் குறைக்கும். மாணவர் குழுவொன்றின் மதிப்பெண்களிடையே காணும் பரவலில் எத்தனை பங்கு மெய்யான வேறுபாட்டால் விளைந்ததோ, அப்பங்கே நம்பகம் எனப்படும். பிழையே இல்லையெனில் அது 1; முழுதும் பிழையெனில் 0.

1910-இல் ஸ்பியர்மனும் பிரௌனும் தனித்தனியே ஒரு வாய்பாட்டைக் கண்டனர். நம்பகம் 0.60 உடைய தேர்வினை அதே தரமுடைய வினாக்களால் இருமடங்காக நீட்டினால் நம்பகம் 0.75 ஆக உயரும் என்பது அவ்வாய்பாட்டால் பெறப்படும். 1937-இல் கூடர், ரிச்சர்ட்சன் ஆகியோரும், 1951-இல் குரோன்பாக்கும் ஒரே தேர்வினைக் கொண்டு நம்பகத்தைக் கணிக்கும் முறைகளை வகுத்தளித்தனர். 1968-இல் லார்டும் நோவிக்கும் இக்கொள்கை முழுவதையும் செம்மைப்படுத்தி நூலாக்கினர்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு தேர்வின் மதிப்பெண்களது திட்ட விலக்கம் 10 எனவும், நம்பகம் 0.84 எனவும் கொள்வோம். அவ்வழிப் பிழையின் திட்ட அளவு 4 ஆகும். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்னுமிடத்து ஒருவன் 33 பெறுகின்றான். 33-க்கு மேலும் கீழும் நான்கு எண்கள், அஃதாவது 29 முதல் 37 வரை, பிழை எளிதில் இட்டுச் செல்லக்கூடிய எல்லையாகும். தேர்ச்சிக் கோடு அவ்வெல்லைக்குள்ளேயே விழுகின்றது. அவன் தவறினான் என நாம் எழுதுவது அத்தேர்வு உறுதியாகச் சொல்லாத ஒன்றையாகும்.

சான்றுகளின் தனித்தன்மை

இனி மீண்டும் குற்றாலத்துக்கு வருவோம். ஏட்டுச் சுவடிகளும் தேர்வாளரை ஒப்பனவே. கவிஞன் பாடிய பாடம் ஒன்று; அதனை எழுதினோர் பலர்; ஒவ்வொருவரும் சிற்சில பிழை புரிந்தனர். எனவேதான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர் ஊர்தோறும் சென்று ஏடு தேடினர். பாடவேறுபாடுகளைக் குறித்தும் வைத்தனர். ஆயினும் சுவடிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரே மூல ஏட்டைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதிய பத்துப் படிகளும் ஒரு சான்றே ஆகும். மூலத்தின் பிழை பத்திலும் இருக்கும். முதல் தேர்வாளர் இட்ட எண்ணைக் கண்ட பின்னர் இரண்டாமவர் இடும் எண்ணும் அத்தகையதே. உடன்பாடு அங்கே மிகுதியாகத் தோன்றும், அவ்வுடன்பாடு சான்றாகாது.

இரசிகமணியார் கொண்ட கருவி வேறு. பாடலை வாய்விட்டுப் பாடி, அதன் உருவமும் உணர்ச்சியும் இயைகின்றனவா எனச் செவியாலும் உள்ளத்தாலும் அளந்தார். அக்கருவி கூரியது என்பதை அவரொடு பழகியோரும் அவர் உரை கற்றோரும் ஒப்புவர். எனினும் இரண்டு வினாக்களை இங்கே வேறு பிரித்தல் வேண்டும். ஒரே சுவையுடையார் ஒருவர் ஒரு பாடலை இன்றும் நாளையும் ஒரே வகையில் மதிப்பிடுவாராயின், அம்மதிப்பீட்டுக்கு நம்பகம் உண்டு. அவர் விலக்கிய பாடல் உண்மையிலேயே கம்பர் பாடாததா என்பது ஏற்புடைமை பற்றிய வினா. பெருங்கவிஞனும் சிலபோது தளர்ந்து பாடுவான். செருகியவனும் சிலபோது சிறக்கப் பாடுவான். ஆதலின், சுவை எத்துணை உறுதியாக நின்றாலும் ஏடுகள் தரும் சான்றை அது விலக்கிவிடாது. ஏடுகள் பல ஒன்றுபட்டனவாயினும், அவை ஒரே மூலத்தினின்று வந்தனவாயின், சுவையின் ஐயத்தை அவையும் போக்கிவிடா.

ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையுண்டு. விண்மீனுக்கு இடம் உண்டு. கம்பருக்கு ஒரு வாக்கு உண்டு. நாம் அறியினும் அறியாவிடினும் அவை உள்ளன. புதிய ஏடு ஒன்று கிடைப்பின் நம் முடிவு பிழையென நாளை தெளிதலும் கூடும். மெய்ம்மதிப்பெண் அத்தகையதன்று. ஒருவனை ஒத்த நிலையில் எண்ணிறந்த முறை தனித்தனியே அளக்க முடியுமாயின் கிடைக்கும் சராசரியே லார்டு, நோவிக் நூலில் மெய்ம்மதிப்பெண் என வரையறுக்கப்பட்டது. அது மாணவன் உள்ளத்தில் எழுதிவைக்கப்பட்ட எண்ணன்று. நம் தவற்றைக் காட்ட வரும் பழைய ஏடு அதற்கு இல்லை.

இதனால் நாம் பெறும் முடிவு ஒன்று. பாடம் தேர்வோன் தனியனாய் நின்று தேர்ந்தாலும், அவனைத் திருத்தக் காலம் காத்திருக்கின்றது. அவன் விலக்கிய பாடல் பிற பதிப்புகளில் வாழ்கின்றது. இரசிகமணியார் விலக்கியவற்றை இன்றும் நாம் ஓதி, அவரொடு வாதிட இயல்கின்றது. தேர்வாளன் விலக்கிய மாணவனுக்கு அவ்வாய்ப்பு அரிது. ஆகவே, முதுகலை விடைத்தாள்களை இருவர் ஒருவர் எண்ணை ஒருவர் அறியாது மதிப்பிடுதலும், வேறுபாடு மிகின் மூன்றாமவரை நாடுதலும் வெறும் அலுவலக நடைமுறை எனக் கருதற்பாலன அல்ல. ஏடு ஒப்பிட்ட பதிப்பாசிரியர் மேற்கொண்ட அறமே அது. கம்பர் பாடலின் ஒரு சொல்லுக்காக ஏடு பல தேடும் நாம், ஒரு மாணவனின் இரண்டு மதிப்பெண்ணுக்காக இன்னொரு கண்ணைத் தேடுதல் மிகையாகாது என்பது எம் துணிபு.