மாற்றுத்திறனாளிகள் நடத்தும் 'கிரே-ஐ' நாடகக்குழு: அப்படி என்ன ஸ்பெஷல்?

மேடையில மாற்றுத்திறனாளி கதாபாத்திரம் வந்தா, நடிக்கிறது யாரு? பெரும்பாலும் மாற்றுத்திறனாளி அல்லாதவர்தான். இதை மாற்றவே 1980-ல் பிரிட்டனில் நபில் ஷபான், ரிச்சர்ட் டாம்லின்சன் இருவரும் 'கிரே-ஐ' குழுவைத் தொடங்கினர்.

பெயர்க் காரணம்?
கிரேக்கப் புராணத்தில் ஒரே கண்ணை மாறி மாறிப் பயன்படுத்தும் 3 சகோதரிகளின் பெயர் இது.

என்ன வித்தியாசம்?
வழக்கமா சைகைமொழி பெயர்ப்பாளர் மேடை ஓரமா நிப்பார். இங்கே சைகைமொழி, திரையில் ஓடும் வசனம், பார்வையற்றோருக்கான காட்சி விளக்கம் எல்லாம் கதைக்குள்ளேயே கலந்துவரும்.

இயக்குவது யார்?
1997-ல் கலை இயக்குநரான ஜென்னி சீலிக்குக் காது கேட்காது. 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவரில் இவரும் ஒருவர்.

அரங்க வாசலில் மட்டும் சாய்தளம் போட்டா போதாது. மேடைக்கு ஏறவும் வழி வேணும்.