"என் லேப்டாப்பில் ஓடுதே!"

சீசனுக்கு ஐந்தருவி வருகிற கூட்டம் குளித்து முடித்து, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடும். சில மைல் தள்ளி மத்தளம்பாறையில் ஆண்டு முழுக்க வேறொரு தொழில் நடக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, தென்காசிப் பக்கம் 2011-ல் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் இங்கே உருவானது. 2019-ல் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு இங்கேயே குடிவந்தார். அதே ஆண்டு நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமும் ஆனது.

ஊரை விட்டு ஊர் இருந்து சாஃப்ட்வேர் எழுதுவதில் பழைய தலைவலி ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய நிரல் அடுத்தவர் கணினியில் படுத்துவிடும். இயங்குதளம், நூலகம், தரவுத்தளம் என ஏதோ ஒன்றின் பதிப்பு மாறியிருக்கும். "என் லேப்டாப்பில் ஓடுதே!" என்ற புலம்பலைக் கேட்காத அலுவலகம் இராது.

மருந்து தேடும் வேலை 1979-லேயே தொடங்கிவிட்டது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த ‘சிரூட்’, ஒரு கோப்புறையையே முழு வட்டு என்று நிரலை நம்பவைத்தது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி அதைச் சிறை அளவுக்கு இறுக்கியது. 2008-ல் லினக்ஸ் கருவுக்குள் வந்த ‘சிகுரூப்’, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் என்று அளந்து கொடுத்தது. சரக்கெல்லாம் தயார். ஆனால் சர்வர் பராமரிப்பவர்களைத் தவிர யாரும் அதைச் சீண்டவில்லை.

2013 மார்ச் 15 அன்று கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில், பைத்தான் மாநாட்டின் மின்னல் உரை ஒன்றில் சாலமன் ஹைக்ஸ் டாக்கரை மேடையேற்றினார். நிரலையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுகளையும் ஒரே கன்டெய்னராகக் கட்டி எங்கும் ஓட்டலாம் என்றார்.

அதே வாரத்தில்தான் பிட்காயின் கணக்கேடு இரண்டாகப் பிளந்தது என்பது வேடிக்கையான தற்செயல். மார்ச் 11 இரவு, அந்தக் கணக்கேட்டின் 225430-ஆம் தொகுதியை பிட்காயின் மென்பொருளின் புதிய 0.8 பதிப்பு ஏற்றது. பழைய பதிப்புக் கணினிகள் பல மறுத்தன. காரணம் அற்பமானது: 0.8-ல் உள்ளே இருந்த தரவுத்தளத்தை மாற்றியிருந்தார்கள். பழைய தரவுத்தளத்துக்கு இருந்த பூட்டு வரம்பு யார் கண்ணிலும் படவில்லை. ஐந்தருவியில் ஐந்தாகப் பிரிந்து விழும் தண்ணீர் கீழே ஒன்றாகிவிடும். கணக்கேட்டில் பிரிந்த கிளைகள் அப்படிச் சேர்வதில்லை. ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். பெரிய சுரங்கக் குழுக்கள் பழைய பதிப்புக்கே திரும்பிய பிறகுதான் பிளவு தீர்ந்தது.

ஆயிரக்கணக்கான கணினிகளும் ஒரே விடை சொன்னால்தான் பிளாக்செயின் என்கிற இந்தக் கணக்கேட்டுச் சங்கிலி நிற்கும். அதனால் பணிச்சூழலைக் கன்டெய்னராகக் கட்டிக் கொடுக்கும் பழக்கம் இந்தத் துறையில் வேகமாக ஒட்டிக்கொண்டது. 2017 ஜூலையில் வந்த ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் 1.0, ஒப்பந்த நிரல்களையே டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டியது. 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட், விஎஸ் கோட் எடிட்டரையே கன்டெய்னருக்குள் வேலை செய்ய வைத்தது. சங்கிலித் தரவைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு ரஸ்ட் தொகுப்பி, போஸ்ட்கிரெஸ், இன்னும் நாலைந்து கருவிகள் தேவைப்படும். அவற்றை ஒரே அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். புதிதாகச் சேர்ந்தவர் கருவிகளை நிறுவுவதிலேயே முதல் வாரத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இந்தத் துறையில் அரசுகளும் இறங்கின. தமிழ்நாடு 2020-ல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. மாநில மின் ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற அடித்தளத்தை அமைத்தது. 2024 செப்டம்பர் 4-ல் ஒன்றிய அரசு அறிமுகம் செய்த ‘விஸ்வஸ்யா’ பிளாக்செயின் கட்டமைப்பின் உருவாக்கத்தில் சென்னையின் செட்ஸ் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அதன் சிறு வடிவமான என்பிஎஃப்லைட், தொடக்க நிறுவனங்களும் கல்லூரிகளும் முன்மாதிரி செய்து பார்ப்பதற்கென்றே வந்தது.

இதெல்லாம் இருந்தும் ஒரு சிக்கல் பாக்கி. கன்டெய்னர் பதிப்புகளை ஒழுங்குபடுத்தும். சங்கிலியின் எடையைக் குறைக்காது. பிட்காயின் சங்கிலி மட்டுமே 500 ஜிபியைத் தாண்டிவிட்டது. ஆகவே தரவுத் திட்டம் தொடங்குபவர்கள் சில ஆயிரம் தொகுதிகளை மட்டும் எடுத்துப் பழகுகிறார்கள். முழுச் சங்கிலியையும் தொலைதூர சர்வரிலேயே விட்டுவைக்கிறார்கள்.