அம்மாவின் சிங்கர் மெஷினும் நான் நடத்தாமல் விட்ட பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என் முன்னால் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இன்று ஒரு பத்து நிமிடம் கொடுங்கள்.

மறைமலை நகர் வீட்டில் மகள் படித்த சின்ன அறை, அவள் கல்யாணமாகிப் போன பிறகு பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும் போடும் இடமாகிவிட்டது. போன மாதம் அதைக் காலி செய்து தையல் அறை ஆக்கினேன். பத்துக்கு எட்டு அடி. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி ஜன்னலோரம் அம்மாவின் சிங்கர் மெஷின். நின்றுகொண்டே துணி வெட்ட இடுப்பு உயரத்தில் ஒரு மேஜை. இஸ்திரிப் பெட்டிக்குத் தனி பிளக். அலமாரியில் அம்மாவின் பருத்திப் புடவைகள் பதினொன்று. அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பேத்திக்கு ஒட்டுப் போர்வை தைக்க வேண்டும் என்று ஆசை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை 'குவில்ட்' என்கிறார்கள்.

மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது வலது ஓரத்தில், பிசுக்குக்கு அடியில், ஓர் எண் தெரிந்தது. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து 'இ'. சிங்கர் மெஷினில் இப்படி இரட்டை எழுத்தில் முதலாவது 'இ' என்றிருந்தால், அது 1935-லோ அதற்குப் பிறகோ ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது என்று பொருள். முப்பத்தைந்து வருடம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவள், என் வீட்டு மூலையில் இருந்த சரித்திரத்தை அறுபத்தேழு வயதில்தான் படிக்க உட்கார்ந்தேன்.

கிளைட்பேங்க் கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1885-ல் சிங்கர் நிறுவனம் அங்கே ஆலையைத் திறந்தது. 1913-ல் அதில் சுமார் 14,000 பேர் வேலை பார்த்தார்கள். அந்த ஒரே ஆண்டில் 13 லட்சம் மெஷின்கள் வெளியே வந்தன. ஊரே ஆலையை நம்பி வளர்ந்தது. ரயில் நிலையத்துக்கும் 'சிங்கர்' என்றே பெயர், இன்றைக்கும் அதே பெயர்தான். 1911-ல் அங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தம், மெஷினின் மரப் பெட்டிக்கு மெருகு போடும் பகுதியில் பன்னிரண்டு பெண்களிடமிருந்து தொடங்கியது. மூன்று பேரை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டு, அவர்களுடைய வேலையையும் இவர்கள் தலையில் கட்டினார்கள். பன்னிரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். சில நாளில் அவர்கள் பின்னால் 11,000 பேர். மூன்று வாரத்தில் வேலைநிறுத்தம் தோற்றது. முன்னின்றவர்கள் பலருக்கு வேலையும் போனது.

எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் உங்களுக்குத் தொழிற்புரட்சி நடத்தினேன். ஸ்பின்னிங் ஜென்னி, விசைத்தறி, நீராவி இயந்திரம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டேன். அவற்றில் எதையும் நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. தொழிற்புரட்சியில் பிறந்து நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த ஒரே இயந்திரம் தையல் மெஷின். அதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிசில் எண்பது மெஷின்களை வைத்து ராணுவ உடை தைத்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த மற்ற தையற்காரர்கள் 1831-ல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் உடைத்துப் போட்டார்கள். பிறகு அமெரிக்காவில் எலியாஸ் ஹவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். கை ஊசியில் காது மேலே இருக்கும். இவர் ஊசியின் முனைப் பக்கத்திலேயே காது வைத்தார். மேல் நூலும் கீழே ஷட்டில் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையல், இன்றும் நம் மெஷின் போடும் தையல், அதுதான். 1851-ல் ஐசக் சிங்கர் இதைச் சீர்படுத்தித் தன் பெயரில் பதிந்தார்.

ஆனால் மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஊசியோ ஷட்டிலோ இல்லை, தவணை முறை. அன்றைக்கு நூறு டாலருக்கு மேல் விலை சொன்ன பொருளைச் சாதாரணக் குடும்பம் எப்படி வாங்கும்? சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-ல் ஒரு வழி கண்டார். முன்பணம் கொஞ்சம் கொடு, மெஷினை எடுத்துப் போ, தைத்துச் சம்பாதித்து மாதாமாதம் கட்டு. தனக்கான விலையைத் தானே சம்பாதித்துக் கொடுக்கும் பொருள் வேறு என்ன இருந்தது?

இந்தியாவில் சிங்கரை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் பட்டேல் என்ற பார்சி முகவர். முதலில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்து தைத்த ஆண் தையற்காரர்கள். பெண்கள் கைக்கு அது மெதுவாகத்தான் வந்தது.

1924-ல் டெல்லியில் ஓர் இளைஞர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் செய்தது அது என்பது அவர் நம்பிக்கை. உண்மையில் சிங்கர் அன்பினால் செய்யவில்லை. நாடகக் குழுவோடு அலைந்த அந்த மனிதர், பாஸ்டனில் ஒரு பட்டறையில் இருந்த மெஷினைப் பார்த்து, பணம் வரும் என்றுதான் கை வைத்தார். ஆனால் அந்த இளைஞர் விடவில்லை. சரி, அந்த மெஷினைச் செய்ய ஓர் ஆலை வேண்டுமே, அதில் பெரிய இயந்திரங்கள் ஓடுமே என்று மடக்கினார். வேண்டும்தான், ஆனால் அப்படிப்பட்ட ஆலைகள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்கிற பொருளில் காந்தி பதில் சொன்னார். கேள்வி கேட்டவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

1930-களில் கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் வொர்க்ஸ் 'உஷா' மெஷின் செய்யத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் பக்கம் சீர்வரிசையில் உஷா வருவது பெருமையாக இருந்தது. உங்களில் பாதிப் பேர் வீட்டில் அதுதான் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது செகண்ட் ஹேண்ட் சிங்கர். மதுராந்தகத்தில் எனக்கு ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அம்மா இரண்டு வளையலை விற்று, சென்னை மூர் மார்க்கெட்டில் இதை வாங்கினார். ஜாக்கெட், உள்பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை என்று எது வந்தாலும் தைத்தார். நான் பி.எட். முடித்த வரைக்கும் கட்டிய ஒவ்வொரு ஃபீசும் இந்த மிதிப்பலகையிலிருந்து வந்தது. ஆனால் என்னை அதன் பக்கத்தில் விடமாட்டார். "நீ பேனாவைப் புடி. இது என்னோட போகட்டும்" என்பார். அம்மா பட்ட பாட்டில் சொன்ன வார்த்தை அது. நான் அதிலிருந்து வேறொன்றைக் கற்றுக்கொண்டேன். தையல் என்றால் தாழ்ந்தது, படிக்காதவர்களுக்கு விதித்தது.

இப்போது சொல்லப் போவதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

1996 என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஒரு பெண் மூன்று பாடத்தில் ஃபெயில். அம்மாவை அழைத்துவரச் சொன்னேன். வந்தார். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "இப்படியே போனா உங்க பொண்ணு தையல் மெஷின்தான் மிதிக்கணும்" என்றேன். அந்த அம்மா "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். முந்தானையில் நீல நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அரசுப் பள்ளியில் நீங்கள் போட்ட இலவசச் சீருடை எங்கே தைக்கப்பட்டது தெரியுமா? மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில். வெட்டிய துணியை உறுப்பினர்கள் வாங்கிப்போய் வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக அரசு இலவசத் தையல் இயந்திரம் தரும் திட்டமும் உண்டு. கணவனை இழந்தவர்களும், கைவிடப்பட்டவர்களும், மாற்றுத்திறனாளிகளும், ஏழைப் பெண்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். எத்தனையோ விண்ணப்பங்களை நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதைத் தர்மமாகத்தான் நினைத்தேனே தவிர, தொழிலாக நினைக்கவில்லை.

காரணம் நம் ஊரும்தான். சென்னை நெரிசலைக் குறைக்க, தமிழறிஞர் மறைமலை அடிகள் பெயரில் 1980 வாக்கில் உருவாக்கிய துணைநகரம் இது. 1990-களின் கடைசியில் ஃபோர்டு கார் ஆலை ஓடத் தொடங்கியது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. யூனிஃபார்ம் போட்டு, கழுத்தில் கார்டு மாட்டி, கம்பெனி பஸ் ஏறுவதுதான் வேலை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஐ.டி.ஐ. போ, டிப்ளமா படி என்று பையன்களை விரட்டினேன். அதில் தப்பில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் நம் ஊர் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. பிறகு மீண்டும் வரப்போவதாக 2024-ல் செய்தி வந்தது. வரட்டும், நல்லது.

கிளைட்பேங்க் ஆலையை மூடிய ஆண்டு 1980. அங்கே ஓர் ஆலை நகரம் அடங்கிய சமயத்தில்தான் இங்கே ஒன்று முளைத்திருக்கிறது. அந்த ஆலை இன்று இல்லை. அது செய்த மெஷின் என் வீட்டு ஜன்னலோரம் ஓடுகிறது.

ஓட வைத்தது யார் என்று கேளுங்கள். பெல்ட் இற்றுப்போய், ஷட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. காட்டாங்குளத்தூரில் ஒரு பெண் பழைய மெஷினெல்லாம் சரி செய்வார் என்று பக்கத்து வீட்டில் நம்பர் கொடுத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவள் "டீச்சர்!" என்றாள். அதே பெண். பத்தாவது பாஸ் செய்து, பன்னிரண்டும் முடித்து, அம்மாவிடமே தையல் பழகியிருக்கிறாள். ஊரடங்கில் கணவருக்கு வேலை போன பிறகு, முகக்கவசம் தைத்துத்தான் குடும்பம் ஓடியதாம். இப்போது வீட்டு முன்னறையில் மூன்று மெஷின், ஓர் ஓவர்லாக்.

பெல்ட்டை மாற்றி, எண்ணெய் விட்டு, பாபின் டென்ஷனைச் சரி செய்து கொடுத்தாள். போர்வைக்கும் அவள்தான் வழி சொன்னாள். புடவையைத் துவைத்துக் காய வைத்த பிறகே வெட்டணும், இல்லையென்றால் பின்னால் சுருங்கும். எல்லா ஓரமும் கால் அங்குலத்தில் ஒரே மாதிரி போகணும், இல்லையென்றால் மூலை சேராது. மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெத்தென்று பழந்துணி, கீழே முழுத்துணி, மூன்றையும் சேர்த்து ஓடுதையல். வங்காளத்துக் காந்தாவும், மராட்டியத்துக் கோதடியும், வடகன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தியும் இப்படிப் பழந்துணியில் பிறந்தவைதான். காந்தாவும் நம் 'கந்தை'யும் உறவுச் சொற்கள். நம் கோயில் தேரில் தொங்கும் தொம்பையும் வெட்டுத்துணி வைத்துத் தைக்கும் ஒட்டுவேலைதான்.

அவளிடம் 1996-ஐச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அம்மாவைப் பார்க்க வாங்க டீச்சர்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். கண் பார்வை மங்கி, தைப்பதை நிறுத்திவிட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்படியா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, காபி போடச் சொன்னார்.

வாசல் வரைக்கும் வந்த மகள்தான் மெல்லச் சொன்னாள்: "அன்னைக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் அம்மா என்கூடப் பேசவே இல்ல டீச்சர்."

அதனால்தான் இதை எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்ன வார்த்தையைத் தனியாகப் போய்த் திருப்பி வாங்கினால் கணக்கு சரியாகாது. அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதையும் படியுங்கள். நான் சொன்னது தவறு.

போர்வையில் இதுவரை பன்னிரண்டு சதுரம் முடிந்திருக்கிறது. நாலு மூலை இன்னும் சேரவில்லை. பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருந்திருந்தால், அது யாருடையது, யார் வாங்கிக் கொடுத்தது, அந்த வருமானம் எதற்குப் போனது என்று கேட்டு எழுதுங்கள். அம்மாவோ பாட்டியோ அத்தையோ இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். மதிப்பெண் போடமாட்டேன். படித்துத் தெரிந்துகொள்கிறேன்.